பூசையில் வைத்த ஓர்கன்

மற்ற வீடுகளில் கண்ணாடி அலமாரி இருக்கும் இடத்தில் எங்கள் வீட்டில் சின்ன மாமாவின் ஓர்கன் இருந்தது. மரத்தால் செய்த பழைய மின்சார ஓர்கன். கைக்கு இரண்டு அடுக்குக் கட்டைகள், காலால் மிதித்து வாசிக்கக் கீழே இன்னொரு வரிசை. பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. அதற்குள்ளே ஒலிபெருக்கி சுழன்றுகொண்டே பாடும், அதனால் ஓசை அலையலையாக வரும். சிட்னியில் பரமட்டாவுக்கு அப்பால் ஒரு தேவாலயத்தில் புதுக் கருவி வாங்கியபோது, இதை யாராவது தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று அறிவித்திருந்தார்களாம். மாமா தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வென்ட்வேர்த்வில்லில் எங்களோடு ஒரு சிறிய அறையில்தான் அவர் இருந்தார் என்பதால், அது வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தது. ஒரு மாதத்துக்குள் அம்மா அதன் மேல் துவைத்த உடுப்புகளை மடித்து வைக்கப் பழகிக்கொண்டார்.

சின்ன மாமா அம்மாவின் கடைசித் தம்பி. படிக்க வந்து, படிப்பு முடிந்து, பகலில் ஓர் அலுவலகத்தில் கணினிகளைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அவர் படித்த மிஷன் பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனைக்கு ஓர்கன் வாசிக்க ஆள் இல்லாமல் போக, சைவப் பிள்ளையான மாமாவைப் பிடித்து உட்காரவைத்திருக்கிறார்கள். சிட்னிக்கு வந்த புதிதில் கூடப் படித்தவர்கள் அவரை நியூடவுனில் ஒரு மதுச்சாலைக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே ஒருவர், தேவாலயத்தில் வாசிப்பதுபோலவே தொடங்கி, கேட்டவர்கள் கதிரையை விட்டு எழும்பி ஆடும்படி ஓர்கன் வாசித்தாராம். அதற்கு சோல் ஜாஸ் என்று பெயர். அன்றோடு தம்பி கைவிட்டுப் போய்விட்டான் என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். சொல்லும்போது முகத்தில் கவலையைவிடப் பெருமைதான் கூடுதலாக இருக்கும்.

சாப்பாட்டு மேசையில் மாமா ஓர்கன்காரர்களின் கதைகளை நாயன்மார் கதை சொல்வதுபோலச் சொல்வார். அமெரிக்காவில் ஒருவர் ஓர்கனை ஏற்றித் திரிவதற்கென்றே ஒரு சவவண்டி வாங்கினாராம். வழியில் கண்டவர்களெல்லாம் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்களாம். இன்னொருவர் பியானோ வாசித்துப் பிழைத்தவர், ஓர்கனை ஒரு கிடங்குக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு, காலும் கையும் ஒத்துப்போகும்வரை வெளியே வரவில்லையாம். எல்லாக் கதையிலும் பாரம் இருந்தது. மற்றவர்கள் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு போவார்கள், ஓர்கன்காரருக்கு நாலு ஆள் வேண்டும். மாடிப்படி இருக்கிற இடத்துக்கு அவரை யாரும் கூப்பிடமாட்டார்கள். "படியாலை போன உத்தியோகம் எத்தினை எண்டு கேளுங்கோ," என்பார் மாமா. அப்பா சோற்றைப் பிசைந்தபடி சிரிப்பார்.

எனக்குப் பிடித்தது மெல்பேர்ண்காரர் ஒருவரின் கதை. வாலிபத்தில் அவர் கிளப்புகளில் ஓர்கன் வாசித்தவர். பிறகு சூதாட்ட இயந்திரங்களுக்கு இடம் வேண்டுமென்று கிளப்புகள் ஓர்கன்களைப் பின்கதவால் வெளியேற்றின. அவர் டிராம் ஓட்டப் போனார். தலை நரைத்த பிறகு, பழைய சாமான் கடைகளில் அவருடைய இசைத்தட்டுகளைக் கண்டெடுத்த இளம் பிள்ளைகள் அவரைத் தேடிப் பிடித்து மறுபடி மேடையில் ஏற்றினார்கள். நான் அவருக்கு டிராம் தாத்தா என்று பெயர் வைத்திருந்தேன். வசந்தகாலத்தில் ஒரு சனிக்கிழமைப் பின்னேரம் மரிக்வில்லில் ஒரு மண்டபத்தில் வாசிக்க அவர் வருடாவருடம் வருவார். மாமா தவறாமல் போய்ப் பின்சுவரோடு நின்று கேட்டுவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வீட்டுக்கு வந்துவிடுவார். ஏன் பேசவில்லை என்று கேட்டால் கூட்டம் அதிகம் என்பார்.

மாமாவுக்கும் சொந்தமாக ஒரு குழு இருந்தது. கிற்றார் வாசிப்பவர் மலேசியாவிலிருந்து தாதிப் படிப்புக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ஒரு தமிழ்ப்பெண், நான் கிற்றார் அன்ரி என்பேன். ட்ரம்ஸ் வாசிக்க ஒரு கிரேக்க அங்கிள். அவ்வளவுதான். அடியில் முழங்குகிற பாஸ் வாத்தியத்துக்கென்று தனி ஆள் கிடையாது. அந்த வேலையை ஓர்கன்காரரின் இடது கால்தான் பார்க்கும். அதற்காக மாமா மெல்லிய அடியுள்ள ஒரு சோடி கறுப்புச் சப்பாத்து வைத்திருந்தார். அதை ஓர்கனுக்கு முன்னால் மட்டும்தான் போடுவார், தெருவில் போட்டு நடக்கமாட்டார். மற்ற நேரத்தில் அது, அவர் உட்கார்ந்து வாசிக்கும் ஓர்கன் வாங்குக்கு அடியில் இருக்கும்.

இந்தச் சப்பாத்தால் வருடாவருடம் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு நடந்தது. சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களையும் வாத்தியங்களையும் கலைமகள் படத்துக்கு முன் வைக்கவேண்டும். வைத்ததை விஜயதசமி வரை தொடக்கூடாது. ஓர்கனைத் தூக்கி, துணி அலமாரியாக இருந்து சாமியறையாகிய எங்கள் சாமியறைக்குள் வைக்க முடியாது. அதனால் மாமா சப்பாத்தை வைக்கட்டுமா என்று கேட்பார், அம்மா கண்ணை உருட்டுவார், கடைசியில் மாமாவின் இசைத்தாள்களில் இரண்டு சரஸ்வதியின் காலடிக்குப் போகும். என்னுடையது எப்போதும் கணக்குப் புத்தகம். விஜயதசமிக்கு அடுத்த கிழமை எப்படியோ ஒரு கணக்குச் சோதனை வரும். அம்மா படி என்றால், புத்தகம் சாமிக்கு முன்னால் இருக்கிறது என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். இதைவிடப் பத்திரமான இடம் உலகத்தில் கிடையாது.

எனக்குப் பத்து வயதான அந்த வருடம், நவராத்திரி நடந்த கிழமையில் வீட்டுத் தொலைபேசி மணியடித்தது. நான்தான் எடுத்தேன். ஒரு கிழவரின் குரல் மாமாவைக் கேட்டது. மாமா வாங்கிப் பேசினார், பேசினார் என்பதைவிடக் கேட்டுக்கொண்டு நின்றார் என்பதே சரி. வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். டிராம் தாத்தா மழையில் வழுக்கி விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டாராம். முறிந்தது இடது கால். பாஸ் வாசிக்கிற கால். கிற்றார் அன்ரி எப்போதோ அனுப்பிவைத்த மாமாவின் ஒலிப்பதிவைக் கேட்டிருந்தவர், சனிக்கிழமை உன் ஓர்கனைக் கொண்டுவந்து எனக்குப் பதிலாக நீ வாசி, நான் முன்வரிசையில் இருந்து கேட்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். உலகத்தில் மாமாவுக்கு வேறென்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் துள்ளிக் குதித்தேன்.

"அம்மாவுக்கு இப்ப சொல்லாதை. நான் ஆறுதலாச் சொல்லுறன்," என்றார் மாமா.

அம்மாவுக்கு ஏதோ இன்ப அதிர்ச்சி தரப் போகிறார் என்று நினைத்து வாயைப் பூட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு மாமா ஓர்கனுக்குப் பக்கத்தில் போகவில்லை. அலுவலகத்திலிருந்து வந்ததும் பாத்திரம் கழுவினார், கராஜைக் கூட்டினார், யாரும் கேட்காமலே புல் வெட்டினார். பெரிய ஆட்கள் சந்தோஷத்தை இப்படித்தான் காட்டுவார்களாக்கும் என்று நான் முடிவுசெய்தேன்.

பிறகு ஒருநாள் மாலை அவர் அம்மாவிடம் போய், ஒவ்வொரு வருடமும் ஓர்கனைத் தள்ளிவைக்கிறோமே, அதுவும் ஒரு வாத்தியம்தானே என்று தொடங்கினார். அது சாமியிடம் போக ஏலாது, சாமி அதனிடம் வரலாம்தானே என்றார். அம்மாவின் முகத்தை இப்போதும் மறக்க முடியவில்லை. மதுச்சாலைகளில் வாசித்துத் திரிந்த தம்பிக்கு ஒருவழியாகப் பக்தி வந்துவிட்டது. அந்தக் கணமே உடுப்புகள் இறங்கின. ஓர்கன் துடைக்கப்பட்டது. அதன் மேல் பட்டுத்துணி விரித்து, சரஸ்வதி படத்தை நடுவில் வைத்து, தட்டத்தில் விளக்கும் அவலும் கடலையும் பழமும் வைத்து, இரண்டு பக்க மரத்திலும் சந்தனமும் குங்குமமும் இட்டார் அம்மா. என் கணக்குப் புத்தகம் படத்துக்கு அடியில் போனது. மாமா விழுந்து கும்பிட்டார். நான் அவருடைய காதுக்குள், அப்போ சனிக்கிழமை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அதற்குள் எல்லாம் சரிவரும் என்றார். விஜயதசமி ஞாயிற்றுக்கிழமை என்பது ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த கோயில் நாட்காட்டியில் சிவப்பு எழுத்தில் இருந்தது. பாவம், மாமா நாளை மறந்துவிட்டார் என்று நினைத்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு வான் வண்டி வந்து நின்றது. கிற்றார் அன்ரியும் ட்ரம்ஸ் அங்கிளும் இறங்கினார்கள். ஓர்கன் பூசையில் இருக்கிறது, தொட முடியாது, வேறு யாரையாவது பாருங்கள் என்று காலையில்தான் மாமா அன்ரிக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார். அன்ரி வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் கிறிஸ்தவர், ஆனாலும் படத்தைக் கண்டதும் கைகூப்பினார். ட்ரம்ஸ் அங்கிளும் பார்த்துவிட்டு அப்படியே செய்தார். மாமா மூலைக் கதிரையில் உட்கார்ந்து கம்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பா நெனைக்காதீங்கக்கா," என்றார் அன்ரி அம்மாவிடம். "உங்க சாமி விஷயத்துல நான் பேசக்கூடாது. ஆனா அந்தப் பெரியவரு இவரைத்தான் கேட்டாரு. இன்னைக்கு இவரு வாசிக்கலன்னா இனிமே எப்பவும் வாசிக்கமாட்டாரு."

அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எந்தப் பெரியவர், என்ன வாசிப்பு என்று கேட்டார். அன்ரி எல்லாவற்றையும் சொன்னார். தொலைபேசியில் வந்த அழைப்பு, முறிந்த கால், முன்வரிசைக் கதிரை, இரண்டு மணித்தியாலத்தில் தொடங்கப்போகும் நிகழ்ச்சி. அம்மா தன் தம்பியின் பக்கம் திரும்பினார்.

"எனக்கு நீ சொல்லேல்லையே."

"மறந்து போனன் அக்கா."

அம்மா கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார், என்னை ஏன் பார்த்தார் என்று தெரியவில்லை. நான் நேராக நின்றேன். மாமா தலையை நிமிர்த்தாமல், வைத்த பூசையைக் கலைக்கக்கூடாது, பரவாயில்லை, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எங்கள் அம்மா கறுவாப்பட்டை இல்லாமல் இறைச்சி காய்ச்சினாலும் காய்ச்சுவாரே தவிர, ஒரு விரத விதியைத் தளர்த்தமாட்டார். காய்ச்சல் வந்த பிள்ளையையும் தோய வார்த்துவிட்டுத்தான் சாமியறைக்குள் விடுவார். மாமாவின் வாழ்க்கை இந்த அம்மாவால் போகப்போகிறது என்று மனதுக்குள் கொதித்தேன்.

அம்மா குசினிக்குள் போனார். கற்பூரத் தட்டோடு திரும்பி வந்தார்.

"தசமி பிறந்திட்டுது," என்றார்.

அப்பா எப்போதாவதுதான் வாய் திறப்பார். அன்று பார்த்துத் திறந்தார். கோயில் கலண்டரில் ஞாயிறு என்றல்லவா இருக்கிறது என்றார்.

"திதி இந்த நாட்டு நேரத்துக்கு மத்தியானமே பிறந்திட்டுது. எனக்குத் தெரியும்."

அப்பா வாயை மூடிக்கொண்டார். அம்மா கற்பூரம் காட்டினார், மணியடித்தார், எல்லோருக்கும் திருநீறு பூசினார், ட்ரம்ஸ் அங்கிள் நெற்றியை நீட்டிக்கொண்டு நின்றார். படத்தை இரண்டு கையாலும் எடுத்துச் சாமியறைக்குக் கொண்டுபோனார். அடியில் கிடந்த கணக்குப் புத்தகத்தை எடுத்து என் கையில் வைத்தார். தசமி வந்துவிட்டதால் நானும் படிக்கலாமாம். என் பூசையை ஏன் கலைக்கவேண்டும், எனக்கு யாராவது கச்சேரி வைத்திருக்கிறார்களா என்று கேட்க வாய் வந்தது, ஆனால் நேரம் சரியில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

அப்பாவுக்கு முதுகுவலி. ஓர்கனின் நாலாவது மூலைக்கு ஆள் இல்லை. அம்மா பூசைச் சேலையின் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தார். பின்கதவால், துணி காயப்போடும் கம்பியைச் சுற்றி, ஜக்கரண்டாப் பூ விழுந்து கிடந்த சிமெந்துப் பாதையால், குங்குமப் பொட்டோடு ஓர்கன் போனது. நடுவில் இளைப்பாற ஒருமுறை இறக்கிவைத்தபோது மாமா, வேண்டாம் அக்கா, உங்களுக்குக் கை நோகும் என்றார். தூக்கடா என்றார் அம்மா.

மண்டபத்தில் நாங்கள் பக்கவாட்டில் இருந்தோம். டிராம் தாத்தா முன்வரிசையில், பிளாஸ்டர் போட்ட காலை இன்னொரு கதிரையில் நீட்டியபடி இருந்தார். நான் கற்பனை செய்ததைவிடச் சிறிய மனிதர். ஓர்கனை இயக்க இரண்டு விசைகள் உண்டு. முதலாவதை அழுத்திப் பிடித்து, உள்ளே சக்கரங்கள் சுழன்று உறுமத் தொடங்கிய பிறகுதான் இரண்டாவதைப் போடவேண்டும். அவசரப்பட்டால் ஓசை எழும்பாது. மாமா இரண்டையும் போட்டார், வாங்கில் இருந்தார், காலைப் பார்த்தார். மறுபடி எழும்பினார். சப்பாத்து இல்லை. வீட்டில் விட்டுவிட்டாராம். அது இல்லாமல் கால் கட்டையில் சரியாக விழாது, வாசிக்க ஏலாது என்று அன்ரியிடம் மெதுவாகச் சொன்னார். அவருடைய முகத்தில் அப்போது ஒரு அமைதி இருந்தது. துக்கம் மிஞ்சினால் மனிதர்கள் அமைதியாகிவிடுவார்கள் என்று நான் நினைத்தேன்.

அம்மா எழும்பி மேடைக்குப் போனார். கையில் வென்ட்வேர்த்வில் பலசரக்குக் கடையின் பை. அதற்குள்ளிருந்து கறுப்புச் சப்பாத்துச் சோடியை எடுத்து, வாங்குக்கு முன்னால், சோடி சேர்த்து வைத்தார்.

"வோஷிங் மெசினுக்குப் பின்னாலை கிடந்தது," என்றார்.

எப்போதும் வாங்குக்கு அடியில் கிடக்கும் சப்பாத்து அங்கே எப்படிப் போனது என்பது தெரியவில்லை. மாமாவுக்கு ஞாபகமறதி அந்தக் கிழமை அளவுக்கு மிஞ்சிப்போயிருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா அவரைப் பார்த்தார். பிறகு மாமா சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

தொடக்கம் நன்றாக இருக்கவில்லை. இடது கால் நடுங்கியதை நான் பக்கவாட்டிலிருந்து கண்டேன். ஒரு கட்டையில் பட்டு அடுத்ததில் வழுக்கியது. ட்ரம்ஸ் அங்கிள் அதற்கு இடம்விட்டு மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தார். அன்ரி கிற்றாரில் ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, தெரு ஒழுங்கையில் பிந்திவரும் ஆளுக்காகக் காத்து நிற்பதுபோல நின்றார். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கால் இடத்தைப் பிடித்தது. வலது கை மேல் அடுக்குக்கு ஏறியது, மரப்பெட்டிக்குள் ஒலிபெருக்கி வேகமெடுத்துச் சுழன்றது, மண்டபத்தின் மரத்தரை என் காலுக்கடியில் முழங்கத் தொடங்கியது. எங்கள் வரவேற்பறையில் உடுப்புக்குக் கீழே இருந்த பொருளுக்குள் இவ்வளவு இருந்ததா என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆட்கள் எழும்பி ஆடினார்கள். டிராம் தாத்தாவால் எழும்ப முடியவில்லை. கதிரையில் நீட்டிக் கிடந்த பிளாஸ்டருக்கு வெளியே தெரிந்த விரல்கள் மட்டும் மாமாவின் கால் போட்ட தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தன. அம்மா அழுதுகொண்டிருந்தார். ஒரு நாள் முந்தி பூசையைக் கலைத்ததற்காக அழுகிறார் என்று எண்ணி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன்.

முடிந்த பிறகு டிராம் தாத்தா மாமாவை வாசிப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஓர்கனில் யார் சிவப்புப் பொட்டு வைத்தது என்று கேட்டார். அன்ரி விளக்கிச் சொன்னார். தன்னுடைய காலமெல்லாம் ஓர்கனின் மேல் பியர்க் கிளாஸ்தான் வைத்தார்கள், ஒருவரும் பொட்டு வைக்கவில்லை என்றார் அவர். அம்மா பிளாஸ்டிக் பெட்டியைத் திறந்து அவருக்கு அவலும் கடலையும் கொடுத்தார். அவர் ஒவ்வொரு கடலையாக எடுத்து ரசித்துச் சாப்பிட்டார். போகும்போது, அடுத்த வருடம் மெல்பேர்ணுக்கு வா, என் ஊரில் வாசி என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வருட நவராத்திரி வந்தது. மெல்பேர்ண் நிகழ்ச்சியும் அந்தக் கிழமையில்தான். மாமா மறுபடி பாத்திரம் கழுவத் தொடங்கியிருந்தார், புல்லும் கட்டையாக வெட்டப்பட்டிருந்தது. பூசைக்கு முதல்நாள் அம்மாவிடம் வந்து, போன வருடம்போலவே ஓர்கனைப் பூசையில் வைப்போமா என்று கேட்டார்.

"ஓர்கன் வேண்டாம். உன்ர சப்பாத்தைக் கொண்டு வந்து வை. அது காணும்."

மாமா போய் எடுத்து வந்தார். அம்மா அதன் அடிப்பாகத்தை ஈரத்துணியால் தானே துடைத்து, வாழையிலைத் துண்டொன்றின் மேல், சரஸ்வதியின் பக்கத்தில் வைத்துப் பூவும் போட்டார். சனிக்கிழமை விடியும் முன்பே எடுத்துப் பையில் போட்டுக் கொடுத்தும் விட்டார். நான் கொண்டுபோன கணக்குப் புத்தகத்தைத் திருப்பித் தந்து, நிறப் பென்சில் பெட்டியை வைக்கச் சொன்னார்.

சாமிக்கு முன்னால் சப்பாத்து வைக்கிற அளவுக்கு அம்மா ஏன் மாறிப்போனார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை. கணக்குப் புத்தகத்தைச் சரஸ்வதியிடம் ஒப்படைத்துவிட்டுத் தப்பிக்கிற வித்தை அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.